பதினெட்டு மீற்றர் ஆழத்தில்

ஒஸ்லோவில் பஸ் ஃபியோர்ட் என்ற கடற்கழியின் ஓரமாகப் போனால் அம்மா தண்ணீரைப் பார்க்காமல் மடியிலிருக்கும் பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மட்டக்களப்புக் கரையில் நின்ற என் தம்பியைச் சுனாமி கொண்டுபோனது. உடல் கிடைக்கவேயில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் குடிவந்தபின், குளிர் தொடங்கியதும் தம்பியின் படத்துக்கு முன்னால் ஒரு கம்பளிச் சட்டையை மடித்து வைப்பார். ஏனென்று நான் கேட்டதில்லை. கேட்டால் அழுவார், எனக்கு அது தாங்காது.

அந்த வீட்டில் இருந்துகொண்டு நான் கடலில் முக்குளிக்கப் பழகினேன். என்னோடு பஸ் ஓட்டும் ஒரு நோர்வேஜியன் வாய் ஓயாமல் கூப்பிட்டான், போனேன். முதுகுவலிக்கு நீந்துகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். முக்குளிக்கும் குழுவோடு மாலைதீவுப் பயணம் வந்தபோதுதான் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. வெடிப்பார் என்று நினைத்தேன். அம்மா தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"கடலுக்குக் கீழ எப்பிடி இருக்கெண்டு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு மகன்."

அதுவரை அது எனக்கு விடுமுறை. அதன்பின் அப்படி இல்லை.

மாலைதீவில் முதல் நாள் பவளப்பாறையின் விளிம்பில் இறங்கினோம். ஓர் ஆமை என்னைச் சட்டை செய்யாமல் பாசியைக் கடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பயிற்சியாளர், அவளும் ஒஸ்லோக்காரிதான், விரலை வட்டமாக்கி எல்லாம் சரியா என்று கேட்டாள். நான் மடையன், நம்மவர் ஓம் சொல்வதுபோலத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவளுக்கு அது 'இல்லை' என்று பட, ஏதோ கோளாறு என்று பயந்து, கையைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டாள். படகில் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அந்த நாள் போயிற்று. அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் ஓர் ஆமைதான் இருந்தது. கோபத்தில் சாப்பிடாமல் படுத்தேன்.

மறுநாள் கழுத்தை அசைக்கவேயில்லை, விரலால் மட்டும் பதில் சொன்னேன். பதினெட்டு மீற்றர் வரை போனோம். மஞ்சள் மீன்கள் கூட்டமாக முகத்தருகே வந்து விலகின. திருக்கை ஒன்று மணலை உதறி எழுந்தது. கீழே வெளிச்சம் இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. முகமூடிக்குள் அழுதேன்.

வீடு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கும் கீழே எப்படி என்று அம்மா கேட்டார். அங்கே நான் போகவில்லை என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. பிறகு கேட்டார்.

"தண்ணி நல்ல குளிரா?"

எங்கள் கடல் அம்மாவுக்குத் தெரியாததா? இத்தனை வருடமும் இந்த ஊர்க் குளிர்ந்த தண்ணீரில்தான் அவன் கிடக்கிறான் என்று நினைத்திருக்கிறார்.

"இல்லம்மா. அதுவும் நம்மட கடல்தானே, அங்க இளஞ்சூடு."

அம்மா தலையை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டினார். பிறகு எழுந்துபோய், படத்துக்கு முன்னால் இருந்த கம்பளிச் சட்டையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.