மகளுக்கு மாத்திரை, எனக்கு ஜெபமாலை

போன புதன்கிழமை என் வீட்டு ஹாலில் பதினான்கு பேர் முழங்காலில் நின்று எனக்காக ஜெபமாலை சொன்னார்கள். எனக்கு ஒரு நோயும் இல்லை!

எல்லாம் முதல் நாள் மருந்துக்கடையில் ஆரம்பித்தது. என் மகள் நான்சி பிளஸ் டூ படிக்கிறாள். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் வந்தால் அவள் அவளாக இருப்பதில்லை. தட்டில் சட்னி தோசையைத் தொட்டுவிட்டது என்று ஒரு மணி நேரம் அழுவாள். போன மாதம் பாதிப் பரீட்சையில் பேப்பரைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். கோரிமேட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதிக் கொடுத்து, “பீரியட்ஸுக்கு முந்துன ரெண்டு வாரம் விடாமப் போடணும். மாசாமாசம் என்னை வந்து பாக்கணும்” என்றார்.

சீட்டைப் பார்த்த கடைக்காரர் கடை அதிரக் கேட்டார்: “டிப்ரெஷன் மாத்திரையாச்சே இது... யாருக்கு சார்?”

எனக்குப் பின்னால் நின்றது யார் தெரியுமா? தெரேஸ் அக்கா! கருவடிக்குப்பத்தில் எங்கள் தெரு ஜெபக்குழுவின் தலைவி. எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார். ஆண்டவரிடம் சொல்லிவிடுவார் — ஊர் கேட்க.

“எனக்குத்தான்” என்றேன். அப்பனாய் லட்சணமாய் நடந்துகொண்டதாக நினைப்பு. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

மறுநாள் மாலையே ஜெபக்குழுவினர் வந்துவிட்டார்கள். நடுவில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். ஒருவர் நெற்றியில் தைலம் தேய்த்தார். எனக்கு என்ன கவலை என்று தெரியாததால் ஆளுக்கொன்றாக ஊகித்து மன்றாடினார்கள்.

“சொட்ட விழுந்த கவலையா இருந்தா அதையும் பாத்துக்குங்க ஆண்டவரே...”

என் மனைவி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

ஜெபமாலை பாதியில் இருக்கும்போது நான்சி எழுந்தாள்.

“நிறுத்துங்க ஆன்ட்டி. மாத்திர அப்பாவுக்கு இல்ல, எனக்கு. பீரியட்ஸுக்கு முன்னாடி மனசு ரொம்ப மோசமாப் போவுது. அதுக்குத்தான்.” என் பக்கம் திரும்பினாள். “வெளிய சொல்ல நீயே கூச்சப்படுற மாத்திரைய நான் எதுக்குப்பா போடணும்? நேத்தும் போடல. இன்னிக்கும் போடல.”

பொதுத்தேர்வுக்கு மூன்றே வாரம். மகளைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவள் வைத்தியத்தை வெட்கப்படவேண்டிய விஷயமாக்கியது ஊர் அல்ல... நான்தான்.

தெரேஸ் அக்கா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டார். “எப்பப் போடணும்?”

“சாயங்காலம் ஏழு மணிக்கு.”

“இப்பவே ஏழே கால் ஆவுது. யாராவது தண்ணி கொண்டாங்க!”

தண்ணீர் வந்தது. பதினான்கு பேரும் முழங்காலில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்சி மாத்திரையை விழுங்கினாள்.

“ஆமென்” என்றது மொத்த ஹாலும்.