காலர் அக்காவின் தலைவலி

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குக் 'காலர் அக்கா' என்று பெயர். வருடக்கணக்காகக் காலர் மட்டுமே தைத்தவள். வீட்டில் அவளுக்குப் பெயரே தேவைப்படவில்லை. "ஏய்" என்றால் போதும், கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள்.

கணவனுக்கு ரத்தக் கொதிப்பு. அது வந்ததிலிருந்து வீடே அவன் நாடியைப் பிடித்துக்கொண்டு நடந்தது. உப்புக் குறைத்துத் தனிச் சமையல், வேளை தவறாத மாத்திரை, மாதாமாதம் ஆஸ்பத்திரி. கூடப் போய் வரிசையில் கால்கடுக்க நிற்பவள் அவள்தான். "உங்களுக்கும் பார்த்துடலாமாம்மா?" என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

காலையில் கண் விழிக்கும்போதே பின்மண்டையில் சம்மட்டி அடிக்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ஒருநாள் மெஷினில் குனிந்திருந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் சொட்டி வெள்ளைக் காலர் பாழானது. சூப்பர்வைசர் காலருக்காகக் கத்தினான்.

"தலை வெடிக்குதுங்க," என்றாள் கணவனிடம்.

"பிரஷர் எனக்கு, தலைவலி உனக்கா? நல்லா இருக்குடி கூத்து!"

வந்திருந்த நாத்தனாரும் சிரித்தாள். "எல்லாம் கோபம்தான் அண்ணி. அதைக் கொஞ்சம் குறைங்க."

அந்த வாரமே மெஷினில் நூல் கோக்கும்போது ஊசி இரண்டாகத் தெரிந்தது. "எதுலடி கோக்கிறது?" என்று பக்கத்து மெஷின்காரியிடம் வேடிக்கையாகக் கேட்கத் திரும்பினாள். வாய் கோணிக்கொண்டது. நாக்கு குழறியது. வலது கை யாருடையதோ போல மடியில் விழுந்து கிடந்தது.

"இருநூத்தி முப்பது," என்றார் டாக்டர். "மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு. கிட்னியும் கெட்டிருக்கு. நேத்து இன்னைக்கு வந்தது இல்ல இது. எத்தனை வருஷமா பிரஷர்?"

"இவளுக்கா? கல்லு மாதிரி இருப்பா டாக்டர். எனக்குத்தான் பிரஷர்!" என்றான் கணவன். பிறகு தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "வந்ததுதான் வந்தோம், எனக்கும் ஒரு தடவை பார்த்துடுங்களேன்."

கட்டிலில் கிடந்தவளுக்கு எல்லாம் காதில் விழுந்தது. பதில் மட்டும் தொண்டையை விட்டு ஏறவில்லை.

உயிர் தப்பியது, கை திரும்பவில்லை. அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். கஞ்சியை ஊட்டும்போதெல்லாம் கணவன் புலம்பினான்: "நானே நோயாளி. இந்த நேரம் பார்த்து நீயும் படுத்துட்டியே."

மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம், ஸ்பூனை இடது கையால் தள்ளிவிட்டு, "போ," என்றாள். தெளிவாக வந்தது.

"பேச்சு வந்துடுச்சு! இவளுக்குப் பேச்சு வந்துடுச்சு!" என்று அவன் தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தான். என்ன பேசினாள் என்று யாரும் கேட்கவில்லை.