பிரேக்குக்கு எண்ணெய் வேண்டாம் என்ற காசிம் பாய்

மூவார் கடைத்தெருவில் வேனில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் சாவுச் சேதி வந்தது. குளுவாங்கிலிருந்து வந்த தந்தியைக் கடைக்காரர் வாசித்துச் சொன்னார்: "காசிம் பாய் மௌத்தாயிட்டாங்களாம்." கிளம்புவதா, ஏற்றியதை இறக்குவதா என்று புரியாமல் ஒரே மூட்டையை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தேன். கடைசியில் கடைக்காரர்தான் என் கையைப் பிடித்து ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார்.

காசிம் பாயை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலாயாவில் குளுவாங்குக்கும் மூவாருக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றி ஓடும் அந்தப் பழைய வேன் எங்கள் இருவருக்கும் சொந்தம். ஒருநாள் அவர் ஓட்டுவார், மறுநாள் நான். ஊருக்கெல்லாம் அவர் காசிம் பாய். எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்பிள்ளை. இராமநாதபுரத்துப் பக்கம் முஸ்லிம்களும் இந்துக்களான நாங்களும் அப்படித்தான் அழைத்துக்கொள்வோம்.

வாங்கியபோதே வேன் பிரேக் போட்டால் கீச்சிடும். மாமாவுக்கு அது பெரிய மானக்கேடு. ஒரு சனிக்கிழமை கதவுக் கீலுக்கு விடுவதுபோல் பிரேக் டிரம்முக்குள் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிட்டார். சத்தம் சுத்தமாக நின்றது. "பார்த்தீங்களா மாப்ளே, பட்டுக் கணக்கா ஓடுது!" என்று சிரித்துக்கொண்டே எட்டாங்கட்டை ரப்பர்த் தோட்டத்து இறக்கத்தில் விட்டார். வண்டி நிற்கவில்லை. ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகைக்குள் புகுந்து, தொங்கிய ஷீட்டுகளையெல்லாம் இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றது. "அலமாக்!" என்று அலறிய மலாய்க்காரக் கிழவர் முதல் எவருக்கும் காயமில்லை. மாமா இறங்கிவந்து, எண்ணெய் வடியும் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் சொன்னார்: "தப்பு என்மேலதான். வண்டி கத்துச்சு, நான் அது வாயைப் பொத்திட்டேன்."

அதற்குப் பிறகு அவர் பிரேக்கின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினார். காலை ஈரத்தில் கீச்சிட்டால் பயமில்லை, சூடேறினால் போய்விடும். நாள் முழுக்கக் கீச்சிட்டால் செம்மண் தூசி சேர்ந்திருக்கும், இல்லையேல் டிரம்மை உரசி நிறுத்தும் லைனிங் வழவழத்திருக்கும். கழற்றித் துடைத்து உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். உறுமினால் உடனே நிறுத்த வேண்டும், லைனிங் தேய்ந்து அதன் ஆணி டிரம்மைக் கீறுகிறது என்று பொருள். "சத்தமே இல்லேன்னாத்தான் மாப்ளே எனக்குத் தூக்கம் வராது" என்பார்.

நோயில் விழுந்த பிறகும் அது மாறவில்லை. தினமும் நான் வேனை அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவேன். வளைவில் கீச்சுச் சத்தம் கேட்டதுமே அவர் மனைவி ஆமினா மாமி, "வந்துட்டாக" என்று சொல்லியபடி தேத்தண்ணி போட எழுந்துவிடுவார். மாமா வண்டி ஓட்டிய காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. மாமா படுத்தபடியே, "இன்னைக்கி பின்சக்கரம் சரியில்லையே" என்று தொடங்கிவிடுவார்.

சேதி கேட்டு மூவாரிலிருந்து விரட்டிவந்த வழியில் வேன் உறுமத் தொடங்கியது. மாமாவை இதே வேனில் எங்கே கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அடக்கம் செய்யும் மையவாடி செங்குத்தான இறக்கத்தின் அடியில் இருக்கிறது. அவர் வீட்டு வாசலில் நிறுத்தியதும் ஜாக்கியை எடுத்தேன்.

மாமாவின் தம்பி ஹமீது கையில் எண்ணெய்த் தகரத்தோடு வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. "கடைசிப் பயணங்க. ஊரே திரும்பிப் பார்க்குற மாதிரி அலறிக்கிட்டுப் போகணுமா? ரெண்டு சொட்டு விடுங்க."

"விட்டா இறக்கத்துல நிக்காதுங்க. உள்ள மாமா இருப்பாங்க, முன்னாடி சனம் நடந்து போகும்."

"தொழுகைக்கு நேரமாச்சு."

"இதோ, இதோ" என்றேன். ஸ்பேனர் நழுவியது, எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. டிரம்மைக் கழற்றினால் மாமா சொன்னதேதான். லைனிங் தேய்ந்து ஓர் ஆணித் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே அடித்து இறக்கினேன். லைனிங்கைச் சொரசொரப்பாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து மாட்டினேன். தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்தேன். உறுமல் போய்விட்டது.

சந்தூக்குப் பெட்டியில் வைத்து மாமாவை ஏற்றியபோது தூறல் விழுந்தது. ஈரம் பட்டதும் இறக்கம் முழுக்கப் பிரேக் கீச்சிட்டது. ஊரே திரும்பிப் பார்த்தது. ஹமீது தலை குனிந்துகொண்டார். ஆனால் வேன் என் சொல் கேட்டு அங்குலம் அங்குலமாக இறங்கி, மையவாடி வாசலில் ஆடாமல் நின்றது.

எல்லாம் முடிந்து, வெறும் சந்தூக்கோடு திரும்பினேன். வீட்டு வளைவில் பிரேக்கை மிதித்தேன். அதே கீச்சு. உள்ளே பெண்களின் அழுகைக்கு நடுவே ஆமினா மாமியின் குரல் கேட்டது:

"வந்துட்டாக."

அழுகை நின்றது. நான் இறங்கவும் முடியாமல், வண்டியை எடுக்கவும் முடியாமல், பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

மாமா, நாளை காலை வேனை எடுத்தாக வேண்டும், சனம் காத்திருக்கும். உறுமினால் நிறுத்திக் கழற்றிவிடுவேன், எண்ணெய் மட்டும் விடமாட்டேன். உங்கள் வீட்டு வளைவை எப்படிக் கடப்பது என்பதை மட்டும் நீங்கள் சொல்லாமல் போய்விட்டீர்கள். போய் வாருங்கள்.