மூடிய வாய்க்குக் கிடைத்த கைதட்டல்

யதுஷாவுக்கு அருவருப்பு எளிதில் வராது. சுவிட்சர்லாந்தின் வில் நகரத்து முதியோர் இல்லமொன்றில் தாதியாக வேலை செய்கிறாள். வாந்தி, சளி, நனைந்த படுக்கை எதைக் கண்டும் அவள் முகம் சுளித்ததில்லை. அவளுக்குக் குமட்டுவது மேடைகளில்தான்.

அவள் சோல் பாடகி. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் வேர்விட்டு, பின்பு காதலையும் கூலிவேலையையும் பாடத் தொடங்கிய இசை அது. அடிவயிற்றிலிருந்து வரவேண்டும். கரகரப்பை ஒளிக்கக்கூடாது.

அந்தக் கரகரப்பு அவளுக்குச் சிறுவயதிலேயே இருந்தது. சங்கீத வகுப்பு ஆசிரியைக்கு அது பிடிக்கவில்லை. "உனக்குத் தடிச்ச குரல். பின்வரிசையில நிண்டு வாயை மட்டும் அசை" என்று மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னார். ஆண்டுவிழாவில் யதுஷா வாயை மட்டும் அசைத்தாள். அவளுடைய அப்பா ஜெகதீஸ்வரன் அதை முழுவதும் படம்பிடித்து, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். மகள் பாடுகிறாளாம்.

பதினாறு வயதில் பள்ளித் தோழி ஒருத்தி அவளை ஊர்த் தேவாலயத்தின் கொஸ்பெல் பாடகர் குழுவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே யாரும் அவளைப் பின்வரிசைக்குத் தள்ளவில்லை. ஒரு பாட்டின் நடுவே தனியாகப் பாடவும் விட்டார்கள். அப்பாவுக்கு வேறு கவலை: மதம்.

"வேதத்துக்கு மாறப் போறியோ?"

"பாடத்தான் போறன், அப்பா."

"ஏன், கோயில்ல பாடினால் தொண்டை நோகுமோ?"

அம்மா இறந்தபின் அவளைத் தனியாக வளர்த்தவர் அவர். உலோகத் தொழிற்சாலையில் காலைப் பணி. கதவைச் சாத்துமுன், போய்விட்டு வருகிறேன் என்ற பொருளில், "போட்டு வாறன், பிள்ளை" என்பார். அரைத்தூக்கத்தில் அதைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள். ஆனால் அவள் பாடும் இடங்களுக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. பியர் விற்கும் இடத்தில் மகள் பாடுவதைப் போய்ப் பார்ப்பதா?

அந்த இடங்களும் பெருமைப்படும்படி இருக்கவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் ரெட்டோவோடும் இன்னும் இருவரோடும் ஊர் ஊராகப் போனாள். ஃப்ரிபூர்க்கில் நிகழ்ச்சி நடத்தியவன் அவளைக் கேட்காமலே 'மசாலா சோல்' என்று சுவரொட்டி அடித்து, அவள் நெற்றியில் பொட்டும் வரைந்திருந்தான். பாடி முடித்ததும் வந்தவர்கள் பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"எந்த நாடு?"

"வில்."

"இல்லை, உண்மையில் எந்த நாடு?"

ஒருவன் பேசிக்கொண்டே அவள் கழுத்தில் விழுந்திருந்த கூந்தலைத் தொட்டுப் பார்த்தான், கடையில் துணியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. அவள் போய்க் கழுத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். இல்லத்துக் கிழவர்களின் மலம் துடைத்த கையைக்கூட அவள் அப்படித் தேய்த்ததில்லை.

பிறகு அவளே ஒரு பாட்டு எழுதினாள். ஆங்கிலத்தில் ஓடும் பாட்டில், திரும்பத் திரும்ப வரும் வரி மட்டும் தமிழ்: 'போட்டு வாறன்.' ஒலிப்பதிவு செய்து வெளியிட்டதும் அது சுவிஸ் தமிழர்களின் கைபேசிகளில் பரவியது. 'கறுவல் பாட்டு' என்று முன்பு வாய்கூசாமல் இளித்தவர்கள், ஒரே வாரத்தில் 'எங்கட பிள்ளை' என்று எழுதினார்கள். எதுவும் நடக்காததுபோல.

ஆரா நகரில் தமிழ்க் கலைவிழா நடத்தும் துஷாந்தன் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, உம்மைக் கௌரவிக்கப் போறம். பொன்னாடை, கேடயம் எல்லாம் இருக்கு."

"அதொண்டும் வேண்டாம் அண்ணை. என்ர ஆக்களோட நேரடியாப் பாட விடுவீங்களோ?"

"ஓம் ஓம், அதுக்கென்ன!"

அவள் ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம் அப்பா. தமிழ் மண்டபம், பியர் இல்லை, அவர் வருவார். அவருடைய வார்த்தையை அவள் வாயிலிருந்து ஒருமுறையாவது கேட்பார்.

விழா அன்று டிரம்ஸ் வைக்க மேடையில் இடமில்லை. தேர்மோகோலில் செய்த கோபுரம் ஒன்று பாதி மேடையை அடைத்திருந்தது. பேச்சாளர்கள் ஒருவரையொருவர் புகழ்ந்தார்கள். கீழே சனம் மட்டன் ரோல் தின்றபடி உரத்துக் கதைத்தது, எண்ணெய்க் கையைக் கதிரையில் துடைத்தது. அவளுக்கு முன் வந்த பாடகர் பாட்டின் நடுவே ஒலிவாங்கியை இறக்கி மச்சானுக்குக் கைகாட்டினார். குரல் மட்டும் நிற்காமல் ஓடியது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

துஷாந்தன் வியர்வையோடு ஓடிவந்தார். "தங்கச்சி, நேரம் போட்டுது. உம்மட ட்ராக்கைப் போடுறம். நீர் சும்மா வாயை அசையும்."

"நேரடியா எண்டுதானே கதைச்சனாங்கள்?"

"எல்லாரும் இப்பிடித்தான் செய்யிறவை. ஆருக்குத் தெரியப்போகுது?"

ரெட்டோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கியது. குச்சிகளைப் பைக்குள் வைத்தான். யதுஷா முன்வரிசையைப் பார்த்தாள். அப்பா புதுச் சட்டையோடு கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்.

அவள் மேடைக்குப் போனாள். பாட்டுத் தொடங்கியது. ஒலிவாங்கியை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடி நின்றாள். 'போட்டு வாறன்' என்று ஒலிபெருக்கிப் பெட்டிகள் அலறின. யாராவது எழுந்து கேட்பார்கள் என்று கடைசி வரி வரை காத்திருந்தாள். கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது.

"என்ன குரல்! நேரில கேக்கிறது நேரில கேக்கிறதுதான்!" என்றார் துஷாந்தன் ஒலிவாங்கியில். பொன்னாடை விழுந்தது. ஏற்கெனவே அதைப் போர்த்திக்கொண்ட யாருடையவோ வியர்வை அதில் நாறியது. மேடையிலிருந்து இறங்குமுன்னரே ஒரு பெண் கை நீட்டினாள். "அதைத் தாரும், அடுத்தவருக்கும் வேணும்."

காரை அவள் ஓட்டினாள். பக்கத்தில் அப்பா வாய் ஓயவில்லை. "நல்லாப் பாடினாய், பிள்ளை. ஆராவே ஆடிப்போட்டுது."

"என்ர வாயைப் பாத்தனீங்களோ?"

"படம் எடுக்கேக்க என்னெண்டு பாக்கிறது? வீட்டை போய்ப் பாப்பம்."

அவளுக்கு அருவருப்பு வந்தது. மண்டபத்தை நினைத்தல்ல. பின்வரிசையில் நின்ற அந்தச் சிறுமியையும் இவர் இப்படித்தான் படம்பிடித்தார். ஜன்னல்களை மூடினாள். நெடுஞ்சாலையைப் பார்த்தபடி பாடத் தொடங்கினாள். அழகாகப் பாடவில்லை. கோபம் தொண்டையில் உராய்ந்தது, மூச்சு வாங்கியது, 'போட்டு வாறன்' என்ற இடத்தில் குரல் கிழிந்தது.

அப்பா முகத்தைச் சுளித்தார். வானொலியின் சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினார். குமிழைத் திருகினார். குறையவில்லை. குனிந்து பார்த்தார். வானொலி அணைந்திருந்தது.

அவர் மெல்லத் திரும்பி, முதல்தடவையாக அவள் வாயைப் பார்த்தார்.

"நீயோ?"

அவள் வரியை முடித்துவிட்டுச் சொன்னாள். "ஓம்."

"அப்ப அங்க பாடினது?"

"பெட்டி."

மடியிலிருந்த கைபேசியைத் திறந்து, அந்தப் படத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு அதை அணைத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"காதுக்க குத்துது, பிள்ளை."

"குத்தட்டும்."

அவர் குமிழிலிருந்து கையை எடுத்தார். அவள் இரண்டாம் சரணத்தைத் தொடங்கினாள், முன்னதைவிட உரக்க.