டர்ன் டவுன் கிடைத்த நாள்

கதவை மூன்று முறை தட்டுவாள். முதல் தட்டு விழித்திருப்பவருக்கு, இரண்டாவது தூங்குகிறவருக்கு, மூன்றாவது "குளிச்சிட்டு இருக்கறவங்களுக்கு" என்பாள். அதன் பிறகும் கதவை ஒரு விரல் அளவு திறந்து, "ஹவுஸ்கீப்பிங்" என்று ராகமாக இழுத்துச் சொல்லிவிட்டுத்தான் தள்ளுவண்டியை நகர்த்துவாள். அறை காலி என்று உறுதியானதும் அவள் கண் போவது கட்டிலுக்கு அல்ல, குப்பைக்கூடைக்கு. "தங்கியிருக்கற ஆள் யாருன்னு அது சொல்லிடும்." மாத்திரை அட்டை கிடந்தால் தண்ணீர் பாட்டில் ஒன்று கூடுதலாக வைப்பாள். பென்சில் சீவிய தூள் கிடந்தால் குழந்தை இருக்கிறது என்று அர்த்தம். துண்டு இரண்டு கூடும்.

ஹோட்டலில் அவளுக்குப் பெயர் நாலாம்மாடி அக்கா. பதினோரு வருடங்களாக அந்த மாடியின் பதினாறு அறைகளும் அவள் கையில். வயது நாற்பத்து மூன்று. குளியலறைக் கண்ணாடியைத் துடைக்கும்போது தன் முகத்தைப் பார்க்கமாட்டாள். பக்கவாட்டில் சாய்ந்து கோடு விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். கேட்டால், "மூஞ்சியப் பாக்க ஆரம்பிச்சா ஒரு நாளைக்குப் பதினாறு தடவை கவலைப்படணும்" என்று பதில் வரும்.

அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் அந்த மாடியில் பொறுக்கியது. ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு ஒரு பொருள் அல்லது ஒரு வேலை. டர்ன் டவுன் என்றால் ஒரே ஒரு வேலைதான். மாலையில் விருந்தினர் வெளியே போயிருக்கும்போது அறைக்குள் போய், திரையை இழுத்துவிட்டு, விளக்கைத் தணித்து, போர்வையின் ஒரு முனையை மடக்கிப் படுப்பதற்கு வாகாக வைத்துவிட்டு வருவது. அதற்கென்று ஹோட்டலில் தனிக் குழு உண்டு. கறுப்புச் சீருடை, குளியலறை தேய்க்கிற வேலை கிடையாது. காலை ஷிப்ட் பெண்கள் எல்லோருக்கும் அந்தக் குழுவின்மேல் ஒரு கண்.

அந்த வருடம் மாடி சூப்பர்வைசர் வேலை காலியானது. அக்கா விண்ணப்பம் போட்டாள். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாள் அவளுடைய லாக்கரின் இடுக்கில் செருகியிருந்தது. அடியில் மேனேஜரின் கையெழுத்துக்கு மேல் சிவப்பு மையில் இரண்டே சொல்: டர்ன்டு டவுன்.

அதை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கணவரிடம் காட்டினாள். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். இயந்திரத்தோடு வரும் ஆங்கிலக் கையேடுகளைப் புரட்டிப் புரட்டி, ஆங்கிலம் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நம்பிக்கொண்டிருந்தவர்.

"என்னங்க, இது என்னன்னு பாருங்க. டர்ன் டவுன்னு போட்டிருக்கு."

"இதுல என்ன சந்தேகம்? உன்னை அந்தக் குழுவுல போட்டிருக்காங்க. எடுத்த எடுப்புல சூப்பர்வைசர் ஆக்குவாங்களா? முதல்ல அங்க வச்சுப் பாப்பாங்க."

"நிஜமாவா?"

"அட, நான் படிக்காத இங்கிலீஷா?"

மறுநாள் அவள் சீருடையை இரண்டு முறை தேய்த்துப் போட்டுக்கொண்டு, பேக்கரியில் ஒரு பெட்டி கேக் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஊழியர் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் கொடுத்தாள். ஐந்தாம் மாடி பார்க்கும் பெண் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள். கடைசியாக மேனேஜர் மேஜைக்குப் போனாள்.

"என்ன விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டே அவர் ஒரு வாய் கடித்தார்.

"டர்ன் டவுன் கிடைச்சிருக்கு சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

மேனேஜருக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. நாற்காலியைக் காட்டினார், அவள் உட்காரவில்லை. அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்று சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம் என்பது அந்த அர்த்தம். "வேலையில உங்களைக் குறை சொல்ல ஒண்ணும் இல்லம்மா. ஆனா சூப்பர்வைசர்னா ரிப்போர்ட் எழுதணும், கெஸ்ட்டோட பேசணும்."

அக்கா பெட்டியை மூடினாள். "மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வச்சிடறேன் சார், கெட்டுப்போயிடும்" என்று சொல்லிவிட்டு நாலாம் மாடிக்கு ஏறினாள். அன்றைக்கும் பதினாறு அறை. ஒன்றில்கூடக் குறை இல்லை.

வீட்டில் அவள் கத்தவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். கணவர் அந்தத் தாளை வாங்கி மறுபடி படித்தார். "தெரியலைன்னு சொல்லியிருக்கணும்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் செங்கல் கனத்தில் ஒரு அகராதியோடு வந்தார்.

அன்றிலிருந்து சாப்பிட்ட தட்டுகளை எடுத்ததும் இருவரும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார்கள். முதல் பக்கம் முழுக்க அந்தச் சொல்தான். மடக்குதல். சத்தத்தைக் குறைத்தல். சூட்டையோ குளிரையோ தணித்தல். மறுத்தல். "ஒரே சொல்லு எத்தனை வீட்டுல குடியிருக்கு பாருங்க!" என்று அவளுக்கு வியப்பு. மறுத்தலுக்கு மட்டும் அகராதி வரிசையாகச் சொற்களை நீட்டியது. கணவர் எல்லாமே ஒன்றுதான் என்றார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் யோசித்து நோட்டின் ஓரத்தில் எழுதினாள்: "டிக்ளைன்னா எழுந்து நின்னு வேண்டாம்னு சொல்றது. ரெஃப்யூஸ்னா உக்காந்துக்கிட்டே சொல்றது. ரிஜெக்ட்னா ஆளைப் பாக்காமலே சொல்றது."

"அப்போ டர்ன் டவுன்?" என்றார் கணவர்.

"அது சொல்ற ஆளைப் பொறுத்தது."

சில மாதம் கழித்து ஒரு மாலை, ஷிப்ட் முடிந்து கிளம்பும் நேரம், நாலாம் மாடி அறை ஒன்றிலிருந்து போன் மேல் போன். டர்ன் டவுன் வேண்டுமாம். கறுப்புச் சீருடைப் பெண் இரண்டு தடவை போய்ப் போர்வையை மடக்கிவிட்டு, இரண்டு தடவையும் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். "நான் பாக்கறேன்" என்று அக்கா போனாள். கட்டிலில் ஒரு வெளிநாட்டுக் கிழவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் ஏசி புயலாக வீசியது. அதன் ரிமோட் எங்கோ தொலைந்திருந்தது. அவள் சுவரில் இருந்த விசையைத் திருகி ஏசியைத் தணித்தாள். கிழவரின் முகம் சிவந்திருப்பதைப் பார்த்ததும் நெற்றியில் புறங்கையை வைத்தாள். கொதித்தது. வரவேற்பறைக்குப் போன் செய்து டாக்டரை வரவழைத்தாள். அவர் வரும்வரை கதவருகே நின்றிருந்தாள்.

போவதற்குமுன் ரிப்போர்ட் தாளை வாங்கி, தன் கையாலேயே ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினாள். இலக்கணம் அங்கங்கே நொண்டியது. ஆனால் எத்தனை மணிக்கு என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. கிழவருக்கு நிமோனியா. இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர்.

மறுபடி அந்தப் பதவி காலியானபோது அவளாக விண்ணப்பம் கேட்கவில்லை. மேனேஜரே தாளோடு நாலாம் மாடிக்கு ஏறி வந்தார். இந்த முறை நேர்காணல் உண்டு. ஒரு கேள்விக்கு அர்த்தம் புரியாதபோது, "தெரியல சார், வேற மாதிரி கேளுங்க" என்று அவள் சொன்னாள். மூன்றாம் நாள் வேலை கிடைத்தது. செய்தி வந்ததும் கணவரை அழைத்தாள். அவர், "தாள்ல இருக்கறதை எழுத்து எழுத்தாப் படி" என்று மூன்று தடவை படிக்கச் சொல்லிவிட்டுத்தான் சிரித்தார்.

சூப்பர்வைசர் ஆன முதல் வாரமே அவள் மேஜையில் ஒரு விடுப்புத் தாள் வந்து உட்கார்ந்தது. ஐந்தாம் மாடிப் பெண்ணுடையது. தங்கை வீடு மாறுகிறாள், சனிக்கிழமை லீவு வேண்டும். அந்தச் சனிக்கிழமை ஹோட்டல் முழுக்க நிரம்பியிருந்தது; ஒரு ஆளைக்கூட விட முடியாது. பேனாவை எடுத்தாள். மூடி வைத்தாள். தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே அந்தப் பெண் இருந்த துணி அறைக்கு இறங்கினாள்.

"சனிக்கிழமை முடியாதும்மா. நானும் வரேன், எல்லாருமே வர்றோம். ஞாயிறும் திங்களும் சேத்து எடுத்துக்கோ. வீட்டை அன்னிக்கு மாத்த முடியுமான்னு தங்கச்சிகிட்ட கேட்டுப் பாரு."

அந்தப் பெண் பெரிய கட்டில் விரிப்பு ஒன்றை உதறி, தனியாக மடிக்க முடியாமல், முகவாயில் இடுக்கிக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா போகாமல் நின்றாள். பிறகு குனிந்து, தரையில் புரண்ட மறுமுனையின் இரண்டு ஓரங்களையும் எடுத்து இழுத்துப் பிடித்தாள்.