காற்றாடிக்குள் போன சாவிகள்

கணபதிக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. ஜெர்மன் சண்டை முடிந்த கையோடு பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கரண்டு வந்தபோது அவனை அந்தக் கரண்டு மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் மோட்டார்க்காரனாக்கினார்கள். அன்றைக்குப் போன தூக்கம்தான், பாவம். முன்பு மிஷினை ஓட்டிய பெல்ட்டு என்றால் கண்ணால் பார்க்கலாம். இந்தச் சனியன் கம்பிக்குள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. கொழுந்து வாட்டும் மாடியில், ஒரு பெட்டிக்குள் ஆளுயரக் காற்றாடி. அதை ஓட்டும் சுவிட்சு கீழே. காற்றாடிக்குள் புகுந்து தூசி துடைப்பவள் யார்? அவன் பெண்டாட்டி கருப்பம்மா. அந்தச் சந்துக்குள் நுழைய அவளைப் போல ஒல்லியான உடம்பு வேண்டும்.

அவள் உள்ளே போகும்போதெல்லாம் கணபதி சுவிட்சை இறக்கி, கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவான். துணி கிடந்தால் யாரும் தொடக்கூடாது. நாலைந்து வருஷம் நன்றாகத்தான் நடந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை தடபுடல். ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயாவே தேங்காய் உடைத்தார். மிஷினுக்கு மிஷின் சந்தனம், குங்குமம், ஒரு சிவப்புத் துணி. மறுநாள் காலை கருப்பம்மா காற்றாடிக்குள் போனாள். கணபதி வழக்கம்போல் துணியைக் கட்டிவிட்டு, கரண்டு எடுக்கத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலில் அடைத்த சருகை எடுக்க மலையேறினான்.

பாதி ஏற்றத்தில் சட்டென்று நின்றான். எல்லா மிஷினும் சிவப்பு கட்டிக்கொண்டு நிற்கிறதே, அவன் துணியை எவன் கண்டுகொள்வான்? விழுந்தடித்து ஓடினான். ஸ்டோருக்குள் நுழைந்தபோது, மாடி வேலைக்காரன் தங்கராஜா துணியை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கைப்பிடியைத் தூக்கப் போனான். கணபதி பாய்ந்து இழுத்ததில் இருவரும் தரையில் உருண்டார்கள்.

“பூசத் துணின்னு நெனச்சேண்ணே. கொழுந்து வாடாம கெடக்குன்னு ஐயா சத்தம் போட்டாரு,” என்று தங்கராஜா அழாக்குறையாகச் சொன்னான். அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்வது?

இறங்கி வந்த கருப்பம்மா நடந்ததைக் கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை. “இனிமே துணிய நம்பி நான் உள்ள போகமாட்டேன். துணிய யாரும் அவுக்கலாம்,” என்றாள்.

கணபதிக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளை டவுனுக்குப் போய், புஹாரி கடையில் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கினான். ஸ்டோர்க் கொல்லனைக் கெஞ்சிக் கூத்தாடி, சுவிட்சுக்கு ஒரு கொண்டி அடிக்கவைத்தான். அடுத்த முறை அவள் துடைக்க வந்தபோது, சுவிட்சை இறக்கிப் பூட்டிச் சாவியை அவள் கையில் வைத்தான்.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. “பூட்டுக்கு ரெண்டு சாவி இருக்குமே?”

“இன்னொண்ணு எங்கிட்ட இருக்கட்டும் புள்ள. ஒரு அவசரம்னா...”

“அந்த அவசரத்துக்குத்தாங்க பயப்படுறேன். ஐயா அதட்டுனா நீங்க தொறந்துருவீங்க.”

சுருக்கென்று தைத்தது. ஆனால் பொய்யில்லை, டீமேக்கர் குரலைக் கேட்டாலே அவன் கை தானாகச் சலாம் போடும். மடியிலிருந்த மற்றச் சாவியையும் கொடுத்தான். இரண்டையும் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் மாடியேறினாள்.

கொஞ்ச நேரத்தில் டீமேக்கர் வந்தார். “காத்தாடியப் போடு கணபதி. கொழுந்து குமிஞ்சு கெடக்கு.”

“ஆளு உள்ள இருக்குங்கய்யா.”

“வெளிய வரச் சொல்லிட்டுப் போடு. சாவிய எடு.”

கணபதி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். “எங்கிட்ட இல்லீங்க. ரெண்டும் அவகிட்ட இருக்கு. தொடச்சி முடிச்சாத்தான் வருவா.”

ஐயா தாம்தூமென்று குதித்தார். பூட்டை இழுத்துப் பார்த்தார். சாவி தன்னிடம் இல்லாதது எவ்வளவு நல்லது என்று கணபதிக்குப் பட்டது. கடைசியில் ஐயா மாடிப்படியடியில் போய் நின்று, கருப்பம்மா துடைத்து முடிக்கக் காத்திருந்தார்.