கூட்டிட்டுப் போன மாமன்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் பேக்கரிக்காரரை யாரும் மிஞ்ச முடியாது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது கத்துவது இயல்பு. இவர் ஒரே ஒரு நாள் சும்மா இருந்திருந்தால் போதும்.

அவருடைய தங்கை இறந்தபோது அவள் மகளுக்கு ஐந்து வயது. தகப்பன் லாரி ஓட்டுகிறவர். லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர வாரக் கணக்காகும். பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் பார்க்கப் போன தாய்மாமன், பிள்ளை பூட்டிய கதவுக்கு முன்னால் சுருண்டு தூங்குவதைக் கண்டார். மனசு கேட்கவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஒரு மாதம் கழித்து, தகப்பன் பைத்தியம் பிடித்தவரைப் போலத் தேடுகிறார் என்று காதில் விழுந்ததும் கொண்டுவந்து வாசலில் விட்டார். தங்கை புருஷன் முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல் ஓடியும் வந்துவிட்டார்.

தகப்பன் புகார் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது; பெற்ற வயிறு மட்டுமா பதறும்? ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையைக் கூண்டில் ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை; வேறு சாட்சி ஒன்றும் தேறவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, தான் எதையும் பார்க்கவில்லை என்று ஒரே பிடியாக நின்றாள். கடைசியில் நீதிபதி, சொல்ல ஏதாவது உண்டா என்று இவரைக் கேட்டார். வக்கீல் கண்ணாலேயே கெஞ்சினார்.

"நான்தாங்க கூட்டிட்டுப் போனேன். தாய்மாமன் கூட்டிட்டுப் போறதுக்கு யாரைக் கேக்கணும்?"

சட்டத்துக்குத் தகப்பனைத்தான் தெரியும். கடத்தல் குற்றம், சிறைத் தண்டனை என்று தீர்ப்பானது. மேல்முறையீடு செய்து ஜாமீனில் வந்தார். பிள்ளை இருக்கும் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று நிபந்தனை.

வழக்கு வருஷக்கணக்கில் ஆடி அசைந்து நடந்தது. மாவு படாமலே அவர் தலை வெளுத்தது. அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் அந்த ஒரு மாதம் நினைவுக்கு வரும். கல்யாணம் காட்சி இல்லாத மனிதரின் வீட்டில் அப்போதுதான் சத்தம் இருந்தது. கருகிப்போன ரொட்டியெல்லாம் தனக்கு என்று பிள்ளை சட்டம் போட்டிருந்தாள். அவள் ஆசைக்காகவே தினம் ஒன்றைக் கருகவிட்டார். அவர் வேலை பார்த்த பேக்கரியின் முதலாளி திட்டினால், "மாமாவைத் திட்டாதீங்க, அடுப்பைத் திட்டுங்க" என்பாள். அதை நினைத்துத் தனியாகச் சிரிப்பார், பிறகு சிரிப்பு அடங்கிவிடும். மறுபடி ஜெயிலுக்குப் போவதுகூடப் பெரிதில்லை. அவள் தன்னைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்தே வளர்ந்திருப்பாளோ என்பதுதான் அவரை அரித்தது.

ஒருவழியாக மேல்முறையீடு விசாரணைக்கு வந்தது. சாட்சி எதுவும் இல்லாமல், ஒருவர் வாய்தவறிச் சொன்னதை மட்டும் வைத்துத் தண்டிக்கலாமா என்று வக்கீல் வாதாடினார். நீதிபதி ஒப்புக்கொண்டார். சிறுமியை இவர் கூட்டிச் சென்றார் என்பது நிரூபிக்கப்படவில்லை, விடுதலை.

வக்கீல் தோளில் தட்டினார். பேக்கரிக்காரருக்குக் கும்பிடத்தான் தோன்றியது, கும்பிட்டார். வராந்தாவுக்கு வந்தபோதுதான் உள்ளே என்னவோ கழன்று விழுந்தது. தான் வாழ்ந்த ஒரே மாதத்தையும் நடக்கவில்லை என்று எழுதிவிட்டார்களே!

தூணோரம் நின்ற இளம்பெண் கிட்டே வந்தாள். முகம் அப்படியே தங்கை.

"மாமா, நீங்க என்னைக் கூட்டிட்டுப் போகவே இல்லையா?"

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்று வக்கீல் கையைப் பிடித்து இழுத்தார்.

"கூட்டிட்டுப் போனேம்மா. சொல்லாமக் கூட்டிட்டுப் போனது தப்புதான். உங்கப்பா துடிச்சுப் போயிருப்பார். ஆனா போனேன்."

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். அவள் கண் கலங்கியது.

"யாரோ என் தலையில சிக்கு எடுக்கத் தெரியாம, ஒவ்வொரு இழுப்புக்கும் மன்னிச்சுக்கம்மா, மன்னிச்சுக்கம்மான்னு சொன்ன மாதிரி ஞாபகம். அப்பாகிட்ட கேட்டா எழுந்து போயிடுவார். கனவுன்னே நெனச்சுட்டு இருந்தேன் மாமா."

தண்டனை சொன்ன அன்றும் அழாதவர், விடுதலை சொன்னபோதும் அழாதவர், நீதிமன்றப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.